கடன் வழக்கில் பிறந்த புத்தகம்

1708-ஆம் ஆண்டு தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையில் ஒரு கடன் வழக்கு நடந்தது. வழக்காடியவள் ஒரு நாவிதரின் கைம்பெண். கணவர் உயிரோடு இருந்த காலத்துக் கொடுக்கல் வாங்கல் அது. எதிர்த்தரப்பில் நின்றவர் டேனிஷ் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக உத்தியோகம் பார்த்தவர். கம்பெனி உத்தியோகஸ்தருக்கு எதிரே ஒரு விதவை நின்றால் தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்பதைக் காவிரிப் பாசனத்து ஜனங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தமிழில் அச்சான முதல் புதிய ஏற்பாட்டின் கதையை இந்த வழக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். வழக்கமாக அச்சுப்பொறியிலிருந்து தொடங்குவார்கள். ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்து, பொறையாற்றுக் காகித ஆலை, 1715 என்ற ஆண்டு எல்லாமே சொல்ல வேண்டியவைதான். ஆனால் அந்தப் புத்தகம் மனிதரிடம் கேட்கிற பெரிய காரியங்களில் ஒன்று, கடன்பட்டவனை மன்னிப்பது. அதைத் தமிழில் தந்தவரோ ஒரு ஏழைப் பெண்ணின் கடன் வழக்கில் தலையிட்டுச் சிறைக்குப் போனவர். இதைச் சொல்லாமல் அச்செழுத்தை மட்டும் சொன்னால் கதை பாதிதான்.

தரங்கம்பாடி, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் 1620-ல் டென்மார்க்காரருக்கு விட்டுக்கொடுத்த கடற்கரை ஊர். மிளகும் துணியும் வாங்க வந்தவர்கள் கரையோரம் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டிக்கொண்டார்கள். 86 வருஷம் வியாபாரம் மட்டும்தான். 1706 ஜூலை 9-ஆம் தேதி சோபியா ஹெட்விக் என்ற கப்பலில் இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் வந்தார்கள். பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்றி புளுட்சாவ். அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக். ராஜா அனுப்பினார், கம்பெனி விரும்பவில்லை. கோட்டை ஆளுநர் ஹாசியஸ் அவர்களை முகம் கொடுத்து வரவேற்கவில்லை. உள்ளூர் வியாபாரிகளையும் தஞ்சாவூர் அரசரையும் பகைத்துக்கொண்டால் வியாபாரம் கெடும் என்ற பயம் அவருக்கு. அந்த பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

சீகன்பால்குக்கு அப்போது 24 வயதுகூட நிரம்பவில்லை. சீகன்பால்கு ஐயர் என்றுதான் டெல்டாவின் லுத்தரன் குடும்பங்களில் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடி வாங்கினார், எழுத்தர்களை வைத்துப் படியெடுத்தார். நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலக நீதி மூன்றையும் 1708-லேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். திருக்குறளும் அவருக்குத் தெரியும். பொறையுடைமைக்கென்று ஓர் அதிகாரத்தையே வைத்திருக்கிற மொழிக்கு, மன்னிப்பு என்பது கப்பலில் வந்த சரக்கு இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அதே 1708 அக்டோபர் 17 அன்று புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். ஒரு மாதம்தான் வேலை ஓடியது. நவம்பர் 19 அன்று அவரைக் கைது செய்தார்கள்.

காரணம் அந்தக் கைம்பெண்ணின் வழக்கு. அவளுக்காகச் சீகன்பால்கு ஒருமுறை பேசினார், மறுமுறையும் பேசினார், விடவில்லை. 1701-ல் டேனியர் கட்டிய சீயோன் கோயிலில் ஆளுநருக்கு முன்னால் மண்டியிட்டு முறையிடும்படி அவளுக்கு யோசனையும் சொன்னார். ஹாசியஸுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வழக்கில் வரம்பு மீறித் தலையிடுகிறார் என்று ஆளனுப்பி அழைத்தார். எழுத்து மூலம் உத்தரவு வந்தால்தான் வருவேன் என்றார் சீகன்பால்கு. பிடித்துக்கொண்டு போனார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தார். கோட்டைக்குள் அடைத்தார்கள்.

சீகன்பால்கை வெறும் புனிதராக மட்டும் வரைந்துவிட்டால் இந்தக் கதையின் சாரம் போய்விடும். அவர் முன்கோபி. கத்தோலிக்கரைப் பற்றி நீதிபதிக்குக் கடுமையான கடிதம் எழுதியவர். ஆராதனைக்கு வந்த அதிகாரியைச் சபை நடுவில் இக்கட்டில் நிறுத்துகிற யோசனை விவேகமானது என்று நான் சொல்ல மாட்டேன். ஹாசியஸ் தரப்பிலும் ஒரு மனிதனின் காயம் இருந்தது. மன்னிப்பு என்பது இப்படிப்பட்ட இருவருக்கு நடுவில்தான் வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் முழு வெள்ளை, மறுபக்கம் முழு கறுப்பு என்றால் அது சுலபம்.

கார்த்திகையில் உள்ளே போனவர் பங்குனியில்தான் வெளியே வந்தார். வெளியே டெல்டாவில் சம்பா கதிர் பிடித்து, முற்றி, அறுப்பும் முடிந்திருக்கும். டேன்ஸ்போர்க் கோட்டை பெரிய கோட்டை இல்லை. இன்று அருங்காட்சியகமாக இருக்கும் அதை ஒரு நடையில் சுற்றி வந்துவிடலாம். கீழ்த்தளத்தில் வளைவுக் கூரை போட்ட இருட்டறைகள், கிடங்குகள். மேல்தளத்தில் அதிகாரிகள் குடியிருக்க அறைகள். அடைத்தவரின் அதிகாரமும் அடைபட்டவரின் அறையும் ஒரே மதிலுக்குள். காகிதமும் மையும் முதலில் கொடுக்கவில்லை, மொழிபெயர்ப்பு நின்றது. எழுதக் கிடைத்தபோது கிறிஸ்தவ வாழ்வைப் பற்றியும் போதகரின் பணியைப் பற்றியும் இரண்டு நூல்கள் எழுதினார். 1709 மார்ச் 26 அன்று விடுதலை. உடனே விட்ட இடத்தில் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். அது முடிந்தது 1711 மார்ச் 31.

மத்தேயு எழுதிய சுவிசேஷத்தைத் தமிழ்ப்படுத்துகிற எவரும் இரண்டு இடங்களில் நின்று மூச்சு வாங்கத்தான் வேண்டும். ஒன்று ஆறாம் அதிகாரத்தில் வரும் பரமண்டல ஜெபம். கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை பேசப் பழகும்போதே மனப்பாடம் செய்கிற ஜெபம். அதில் அன்றாட ஆகாரம் கேட்கிறோம், சோதனையிலிருந்து காப்பாற்றக் கேட்கிறோம். எதற்கும் நிபந்தனை கிடையாது. எங்கள் கடனை மன்னியும் என்று கேட்கிற இடத்தில் மட்டும், நாங்கள் பிறருக்கு மன்னிக்கிற அளவை நாமே முன்வைக்கிறோம். ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்து முடித்ததும் இயேசு வேறெந்த விண்ணப்பத்துக்கும் விளக்கம் தராமல் இந்த ஒன்றுக்கே திரும்பி வருகிறார். பிறரை மன்னிக்காதவனுக்கு மன்னிப்பு இல்லை என்று பட்டவர்த்தனமாகச் சொல்கிறார். கிறிஸ்தவ விசுவாசத்தில் மன்னிப்பு நல்லவர்கள் மட்டும் கூடுதலாகச் செய்கிற புண்ணியம் என்று நினைப்பவர்கள் அந்த இரண்டு வசனங்களை மறுபடி படிக்க வேண்டும்.

இன்னொன்று பதினெட்டாம் அதிகாரம். எத்தனை முறை மன்னிப்பது, ஏழு முறை போதுமா என்று பேதுரு கேட்கிறார். அவர் கேட்டதே தாராளம்தான். வந்த பதிலோ எண்ணிக்கையையே கைவிடச் சொல்லும் ஓர் எண்ணிக்கை. அதோடு ஒரு கதையும் வருகிறது. ராஜா கணக்குப் பார்க்க உட்கார்ந்தார். ஒருவன் 10,000 தாலந்து பாக்கி வைத்திருந்தான். ஒரு தாலந்து என்பது 6,000 தினாரி. ஒரு தினாரி கூலியாள் ஒருவனின் ஒரு நாள் கூலி. ஆக மொத்தம் 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை கிடைத்தாலும், அடைக்க 2 லட்சம் வருஷம் ஆகும். காலில் விழுந்தான், தவணை கேட்டான். ராஜா தவணை கொடுக்கவில்லை, கடனையே தள்ளுபடி செய்தார். வெளியே வந்தவன் கண்ணில் பட்டவன், அவனுக்கு 100 தினாரி தரவேண்டிய சக வேலைக்காரன். அதுவும் சின்னப் பணம் இல்லை. நாற்றுப் பறித்து நடவு நடுகிற ஒரு குடும்பத்துக்கு 100 நாள் கூலி எவ்வளவு பெரியது என்று நமக்குத் தெரியும். ஆனால் 6 கோடி நாளுக்கு முன்னால் 100 நாள். அவன் கழுத்தைப் பிடித்தான், கெஞ்சியதைக் கேட்கவில்லை, சிறையில் போட்டான்.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். மன்னிக்கும்படி கேட்கப்படுகிறவன் யார்? சிறையில் போட அதிகாரம் உள்ளவன். கணக்குப் புத்தகம் கையில் இருப்பவன். ஆனால் பிரசங்க மேடைகளில் பல சமயம் இது தலைகீழாகிவிடுகிறது. அடிபட்டவளிடம் போய், பொறுத்துக்கொள், மன்னித்துவிடு என்கிறோம். அடித்தவனிடம் ஒரு வார்த்தை இல்லை. டெல்டாவில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய சொற்பக் கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்தார்கள் மனிதர்கள். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தஞ்சாவூருக்கு வந்ததே 1952-ல்தான். அந்தப் பண்ணையாளிடம் மன்னிப்பைப் போதித்துவிட்டு, மிராசுதாரின் கணக்கைத் தொடாமல் விட்ட போதனை பதினெட்டாம் அதிகாரத்தைச் சரியாகப் படித்த போதனை ஆகாது. 1707-ல் தரங்கம்பாடியில் முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேர் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பு கையில் இருந்தது, அச்சிட வழியில்லை. லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் ஓர் அச்சுப்பொறியை அனுப்பியது. நடுவழியில் பிரெஞ்சுக்காரர் கப்பலைப் பிடித்தார்கள். பொறியோடு வந்த அச்சாளர் வழியிலேயே இறந்துபோனார். பொறி மட்டும் 1712-ல் வந்து சேர்ந்தது. மறு வருஷம் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகளோடு ஆட்லர் என்ற அச்சாளர் தன் இளம் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார். எழுத்துகள் மிகப் பெரியவை, காகிதத்தைத் தின்றன. சின்ன எழுத்து வார்க்க ஈயம் வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் உறை ஈயம். அதைத்தான் உருக்கி வார்த்தார்கள் என்று அச்சு வரலாற்றில் சொல்வார்கள். நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-ல் அச்சேறின. பரமண்டல ஜெபமும் இரண்டு கடன்காரர் கதையும் அந்தத் தாள்களில் இருந்தன.

அதே 1714-ல்தான், அக்டோபர் கடைசியில், சீகன்பால்கு ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். விடுதலையாகி ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் ஆளுநரோடு உறவு சீராகவில்லை. 1709-ல் மன்னரின் பாதுகாப்புக் கடிதத்தோடு புதிய மிஷனரிகள் வந்தபின் வெளிப்படையான தொல்லை குறைந்தது, அவ்வளவே. பயணத்துக்கு முன்னால் இருவரும் சமரசம் செய்துகொண்டார்கள். நடந்ததை மறப்பதாக ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தார்கள்.

இதை நான் மிகப் பெரிய செய்தியாக நினைக்கிறேன். கப்பல் பயணம் என்றால் அன்று உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. திரும்பி வருவோமா என்று தெரியாத ஒருவர் புறப்படும் நேரம் அது. அச்சுக்கூடத்திலிருந்து புதிதாக வந்த சுவிசேஷத் தாள்கள் ஊரில் இருக்கின்றன. அதில் உள்ளதைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு, தன்னைச் சிறையில் போட்டவரிடம் பேசாமல் கப்பலேறியிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? நியாயமும் அவர் பக்கம் என்று சொல்ல ஐரோப்பாவில் ஆயிரம் பேர் இருந்தார்கள். ஆனாலும் முகத்துக்கு முகம் பார்த்து முடித்துவிட்டுத்தான் போனார்.

அந்தப் பயணத்துக்கு ஒரு நோக்கமும் உண்டு. மிஷன் வேலைக்கு அதிகாரிகள் தரும் இடைஞ்சலை மேலிடத்தில் நேரில் சொல்வது. 1715-ல் அவர் மன்னரையே போய்ப் பார்த்தார். 1716-ல் ஹாசியஸின் பதவிக்காலம் முடிந்து புது ஆளுநர் வந்தார். இது முரண்பாடு என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனிதனோடுள்ள பகையை முடிப்பது ஒரு காரியம். அதிகாரம் தவறாக நடந்தால் அதைத் திருத்தக் கேட்பது வேறொரு காரியம். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கணவர் கிரகாம் ஸ்டெயின்ஸையும், மகன்கள் 10 வயது பிலிப்பையும் 6 வயது திமொத்தியையும் உயிரோடு எரித்தவர்களை கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் பகிரங்கமாக மன்னித்தார். நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது, தன் மன்னிப்பையும் குற்றத்தின் விளைவையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றும் அவரே சொன்னார். தொழுநோயாளிகளுக்குச் செய்துவந்த சேவையை விடாமல் 2004 வரை இங்கேயே இருந்தார். மன்னித்தால் குற்றவாளி தப்பித்துவிடுவான் என்று பயப்படுகிறவர்களுக்கு அவர் வாழ்ந்தே பதில் சொல்லிவிட்டார்.

சீகன்பால்கோடு அந்தக் கப்பலில் மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் போனார். வழியெல்லாம் இருவரும் தமிழ் வேலைதான். அவர்கள் ஐரோப்பாவில் இருந்தபோதே, 1715 ஜூலையில், சக மிஷனரி குருண்ட்லர் மேற்பார்வையில் தரங்கம்பாடியில் மீதிப் பகுதியும் அச்சாகி முடிந்தது. இந்திய மொழி ஒன்றில் முழுமையாக அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. பெயர்த்தவர் ஊரில் இல்லாத நேரத்தில் புத்தகம் முழுமை பெற்றது. சீகன்பால்கு 1716-ல் திரும்பி வந்தார். 1718-ல் புதிய எருசலேம் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார். 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில், இறந்தார். அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

எல்லா மன்னிப்பும் அந்தத் தலைமுறையிலேயே நடந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தரங்கம்பாடி லுத்தரன்காரர்களும் கத்தோலிக்கரும் ஒருவரையொருவர் ஏசி எழுதிக்கொண்டார்கள். வீரமாமுனிவரைப் போன்ற பெரும் தமிழறிஞரே லுத்தரன் சபையைச் சாடி நூல் எழுதினார். எந்த விசுவாசத்தைப் பற்றி முக்கியமாகச் சண்டை போட்டார்களோ, அதைக் குறித்து இரு சபைகளும் ஒரு பொது அறிக்கையில் கையெழுத்திட 1999 அக்டோபர் 31 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் அது நடந்தது.

புத்தகத்தின் கதையில் இன்னொரு கடன்காரரும் வருகிறார். சீகன்பால்கின் தமிழ் கரடுமுரடானது என்று பின்வந்தவர்களுக்குத் தோன்றியது. 1740-ல் வந்த ஜான் பிலிப் பெப்ரிசியஸ், சென்னை வேப்பேரியில் இருந்துகொண்டு பல பத்தாண்டுகள் உழைத்து வேதாகமத்தைத் தமிழில் புதிதாகச் செதுக்கினார். அவருடைய புதிய ஏற்பாடு 1772-ல் வந்தது. தங்க மொழிபெயர்ப்பு என்று போற்றி, தமிழ் லுத்தரன் சபைகள் தலைமுறை தலைமுறையாக அதையே வைத்திருந்தன. அவர் பெயர்த்த ஞானப்பாட்டுகளையும் பாடிக்கொண்டிருக்கிறோம். அந்த மனிதருக்குப் பணக் கணக்கு வராது. நம்பி ஒப்படைத்த பணத்தை நம்பத் தகாதவர்களிடம் கடனாகக் கொடுத்து ஏமாந்தார். வயதான காலத்தில் கடனுக்காகச் சிறைக்குப் போனார். 1791-ல் இறந்தார். எங்கள் கடன்களை மன்னியும் என்று கேட்கத் தமிழ்ச் சபைகளுக்கு வார்த்தை கொடுத்தவர், கொடுக்க முடியாத கடனோடு வாழ்ந்தவர். அவரை நம்பிப் பணம் கொடுத்து இழந்தவர்களின் கஷ்டத்தையும் நான் மறக்கவில்லை. அவர்களுடைய மன்னிப்பும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான்.

டெல்டாவின் சின்னச் சின்னச் சபைகளில் ஒரு பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். நற்கருணை ஞாயிறு வருகிறதென்றால் உபதேசியார் வீடு வீடாகப் போவார். மடைத் தண்ணீருக்காகவோ வரப்புக்காகவோ முறைத்துக்கொண்டு, ஒரே கோயிலில் இரண்டு ஓரமாக உட்கார்கிற பங்காளிகள் எங்கும் உண்டு. “தம்பி, அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடு. அப்புறம் நற்கருணை எடுக்கலாம்” என்பார். சில வீட்டில் கதவு திறக்கும். சில வீட்டில், “அவரு முதல்ல வரட்டுமே” என்று திண்ணையோடு பேச்சு முடிந்துவிடும். சிலர் அந்த ஞாயிறு கோயிலுக்கே வரமாட்டார்கள். அப்படி வராமல் இருப்பதில்கூட ஒரு நேர்மை உண்டு. கடன் நிலுவையில் இருப்பதை அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். பல நகரத்துச் சபைகளில் இந்தக் கேள்வியே இப்போது கேட்கப்படுவதில்லை. வரிசையில் போகிறோம், அப்பம் வாங்குகிறோம், எதிரே வருகிற சொந்தக்காரரைப் பார்க்காததுபோல் திரும்பி வருகிறோம். இதைவிட அந்தத் திண்ணைப் பேச்சு எவ்வளவோ மேல்.

உங்கள் வீட்டு வேதத்தில் மத்தேயு 18-ஆம் அதிகாரத்தை இந்த வாரம் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். யார் உங்களுக்கு 100 தினாரி தரவேண்டும் என்பது வாசிக்கும்போதே ஞாபகம் வரும். அவரிடமிருந்து செய்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நற்கருணை ஞாயிறுக்கு முன்னால் நீங்களே ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.